தரைவாசிக்கு என் ஓட்டு

என் வீட்டுக்காரருக்கு வாய் இருக்கிறதா என்று யாராவது கேட்டால், சாப்பிடும்போது பார்த்திருக்கிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். மற்றபடி அது திறந்து நான் பார்த்ததில்லை. நான் பேசுவேன், அவர் "ம்" என்பார். பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது என்றாலும் "ம்". பக்கத்து வீட்டுக்காரர் நம் சுவரில் ஆணி அடிக்கிறார் என்றாலும் "ம்". வீடு பற்றி எரிகிறது என்று ஒருநாள் சும்மா சொல்லிப் பார்த்தேன். அதற்கும் ஒரு "ம்" போட்டுவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை, பிழைப்பு அப்படி. அவர் சுருக்கெழுத்தர். அரசாங்கம் கூட்டும் கூட்டங்களில் மேடைக்குக் கீழே ஒரு சின்ன மேஜையைப் போட்டுக்கொண்டு, பேசுகிறவர்கள் பேசுவதையெல்லாம் பென்சிலால் கிறுக்கி, பிறகு டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். சொன்னது சொன்னபடி இருக்க வேண்டும். உளறினால் உளறல், அழுதால் அழுகை. எழுதுகிறவர் சிரிக்கக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது, கருத்து என்று ஒன்றைச் சொல்லவே கூடாது. சரியாகக் காதில் விழவில்லை என்றால் மட்டும் கையைத் தூக்கி "மறுபடி சொல்லுங்க" என்று கேட்கலாம். அந்த ஒரு சலுகையைக்கூட இத்தனை வருஷ சர்வீஸில் இவர் தொட்டதில்லை. ஆபீஸில் இவருக்கு 'மறுபடி கேட்காதவர்' என்றே பட்டப்பெயர். அதில் இவருக்குத் தலைகால் புரியாத பெருமை.

என் பிழைப்பு இன்னும் மோசம். குடிநீர் வாரியத்தில் புகார் வாங்கும் பிரிவு. காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு ஊரார் வசவையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது, நன்றி" என்பதற்கு மேல் ஒரு சொல் பேசினால் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து மேனேஜர் முறைப்பார். நாள் முழுக்க அடக்கிவைத்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? வீட்டில்தான் கொட்டுவேன். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி அவர் உட்கார்ந்திருப்பார், நானும் விடாமல் பெய்துகொண்டிருப்பேன்.

இந்த லட்சணத்தில் எனக்குப் பதவி உயர்வு வந்தது. தலைமை அலுவலகத்தில் புகார்ப் பிரிவு முழுவதற்கும் மேற்பார்வையாளர். ஆனால் வேறு ஊர். அங்கேயே விடுதியில் தங்க வேண்டும், வார விடுமுறைக்குத்தான் வீடு. மாதக் கடைசிக்குள் சம்மதமா இல்லையா என்று எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். எனக்கு ஆசையும் இருந்தது, பயமும் இருந்தது. சாப்பிட உட்கார்ந்ததும் விஷயத்தை அவரிடம் சொன்னேன். வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். போ என்றாலும் சரி, போகாதே என்றாலும் சரி, அவர் வாயிலிருந்து ஏதோ ஒன்று வரட்டும் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ம்" என்றார்.

கையில் இருந்த கரண்டியை மெதுவாகத்தான் கீழே வைத்தேன். அப்போதே முடிவு பண்ணிவிட்டேன். மாதக் கடைசிவரை பார்ப்பேன். அதற்குள் இந்த மனிதர் என்னிடம் இதைப் பற்றி முழுசாக ஒரு வாக்கியம் பேசிவிட்டால் உட்கார்ந்து யோசிக்கலாம். இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டியதுதான். விடுதிச் சுவரிடம் பேசினால் "ம்"கூட வராது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த வாரம் என் நாத்தனார் வந்தாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். அண்ணனுக்குச் சேர வேண்டிய பேச்சையும் சேர்த்து வாங்கிக்கொண்டு பிறந்தவள். வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். இன்டர்நெட்டில் ஒருத்தி அண்ணனைப் போட்டுத் தாளிக்கிறாளாம், நான் பார்த்தேனா என்று கேட்டாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் எந்நேரமும் போனைத் தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். செய்தி படிக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஐயா அங்கே பெரிய ஆளாம். 'விண்வெளி மன்றம்' என்று ஒன்று. வேலையற்றவர்களும் வேலையை விட்டுவிட்டு வந்தவர்களும் கூடி, நிலாவுக்கு வண்டி அனுப்பலாமா கூடாதா, ஆள் போக வேண்டுமா மெஷின் போதுமா, அரசாங்கம் எந்த ஆராய்ச்சியில் முதலில் கைவைக்க வேண்டும் என்று அடித்துக்கொள்கிற இடம். அதில் இவர் பெயர் 'சுற்றுப்பாதை'. வீட்டில் ஓர் எழுத்துப் பேசாத மனிதர் அங்கே பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருந்தார். "நண்பரே, தங்கள் கூற்றில் மூன்று பிழைகள் உள்ளன. முதலாவதாக" என்று ஆரம்பித்தால் மூன்றாவதாக வருவதற்குள் நமக்குக் கண்ணைக் கட்டுகிறது. படிக்கப் படிக்க எனக்கு வயிறு எரிந்தது.

எரிந்த வயிற்றில் பால் வார்த்தவள்தான் அந்த 'தரைவாசி'. நிலாவுக்கு ஆராய்ச்சி வண்டி அனுப்புவதன் அவசியம் பற்றி இவர் மூச்சுமுட்ட எழுதியிருந்ததற்குக் கீழே, அவள் இரண்டே வரி எழுதியிருந்தாள்: "அங்கே தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கப் போகிறார்களாம். இங்கே இருக்கிற தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்க ஆளைக் காணோம்." அதற்கு மன்றத்தில் பாதிப் பேர் கைதட்டல் படம் போட்டிருந்தார்கள்.

சபாஷ் என்றேன். இதையேதான் நானும் போன வாரம் சாப்பாட்டு மேஜையில் சொன்னேன். அதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் வாரியத்தில் எந்த மேஜையைத் தட்டினாலும் இதே எரிச்சல்தான் சத்தம் போடும். தரைவாசி எங்கள் ஆபீஸ்காரி யாரோ என்று முடிவு கட்டிக்கொண்டு, மூன்றாவது வரிசையில் உட்காரும் சிடுமூஞ்சிக்கு அன்றைக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று தெரியாமலே அவள் குடித்தாள்.

நானும் மன்றத்தில் சேர்ந்தேன். பெயர் கேட்டது. 'சும்மா பார்க்க வந்தவள்' என்று கொடுத்தேன். அப்புறம் எங்கே சும்மா பார்ப்பது. தரைவாசி எதை எழுதினாலும் முதல் கைதட்டல் என்னுடையது. சுற்றுப்பாதை எதை எழுதினாலும் "வளவள" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போவேன். சமையலறையில் நான் அதைப் போடும்போது கூடத்தில் அவர் போன் டிங் என்று அடிக்கும். அவர் முகம் லேசாகத் தொங்கும். பிறந்ததிலிருந்து எனக்கு அவ்வளவு சந்தோஷம் கிடைத்ததில்லை.

மன்றத்தில் 'ஆதாரம் எங்கே' என்று ஒருவர் இருந்தார். யார் எதைச் சொன்னாலும் அவருக்கு ஒரே பதில், அவர் பெயர்தான். காலை வணக்கம் என்று ஒருவர் எழுதியதற்கும் ஆதாரம் கேட்டார். அப்பேர்ப்பட்டவரே தரைவாசியிடம் மட்டும் வாயை மூடிக்கொண்டார். எங்கள் பிரிவில் ஆளுக்குப் பதிலாகப் பேசும் மெஷின் வைக்கப்போவதாக ஒரு பேச்சு அடிபட்டது. நான் அதை வீட்டில் சொல்லிப் புலம்பிய மறுநாள், விண்கலத்தில் ஆள் வேண்டாம், மெஷின் போதும் என்று சுற்றுப்பாதை வாதம் செய்ய, தரைவாசி எழுதினாள்: "மெஷின் எல்லாவற்றையும் பதிவு பண்ணிக்கொள்ளும். பேசுகிறவள் அழுகிறாளா என்று மட்டும் அதற்குத் தெரியாது." அதற்கு யாரும் ஆதாரம் கேட்கவில்லை.

அதற்குச் சுற்றுப்பாதை எழுதிய பதிலைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. "தரைவாசி அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. யோசித்துப் பதில் சொல்கிறேன்." யோசித்துப் பதில் சொல்கிறாராம். முகம் தெரியாத ஒருத்திக்கு யோசனை, பதில், 'அவர்கள்' என்று மரியாதை வேறு. கூடவே குடித்தனம் பண்ணுகிறவள் ஊரைவிட்டுப் போகட்டுமா என்று கேட்டால் "ம்". மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. சம்மதம் எழுத வேண்டிய தாளைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அறிவியல் துறை ஓர் அறிவிப்பு விட்டது. நிலாவுக்கு வண்டி அனுப்பும் திட்டத்தைப் பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கப் போகிறார்களாம். இந்த மாதிரி மன்றங்கள் ஒவ்வொன்றும் ஓர் ஆளை அனுப்பலாமாம். விண்வெளி மன்றத்தில் தேர்தல் வைத்தார்கள். மன்றத்தார் முன்மொழிந்ததில் போட்டியே இரண்டு பேருக்குள்தான், சுற்றுப்பாதை ஒருவர், தரைவாசி ஒருத்தி. வாழ்நாள் முழுக்க மேடைக்குக் கீழேயே உட்கார்ந்தவருக்கு, ஒரு தடவையாவது மேலே ஏறிப் பேச வேண்டும் என்று கொள்ளை ஆசை என்று நாத்தனார் சொன்னாள். அண்ணி, பாவம் அண்ணன், விட்டுக்கொடுங்க என்றாள்.

மனசாட்சி லேசாகக் குத்தத்தான் செய்தது. அந்த "ம்" ஞாபகத்துக்கு வந்தது. தரைவாசிக்கு ஓட்டைப் போட்டேன். போட்டதோடு நிற்காமல், தயங்கிக்கொண்டிருந்தவர்களிடமெல்லாம் தனித்தனியாகப் பேசி, ஆபீஸ் இடைவேளையில் பிரச்சாரம் பண்ணி, ஆதாரம் எங்கேயையும் இழுத்து வந்தேன். தரைவாசி அமோகமாக ஜெயித்தாள். அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. ஜெயித்தவளுக்கு வாழ்த்துக்கூடச் சொல்லாமல் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார். தோற்றதால் அப்படி இருக்கிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் குளியலறைக் குழாய் என் கையோடு வந்தது. அதன் கைப்பிடி எப்போதோ கழன்றுவிட்டது. பழைய டூத் பிரஷ் ஒன்றைச் சொருகித்தான் திருப்பிக்கொண்டிருந்தோம். அன்று பிரஷ்ஷும் முறிந்தது. ஈரக் கையோடு வந்து அவர் முன்னால் நின்று, டூத் பிரஷ்ஷால் குழாயைத் திருப்புகிற வீட்டில் இருந்துகொண்டு நிலாவில் வண்டி ஓட்டுவதைப் பற்றிப் பேசுகிறவர்களை நான் எங்கும் பார்த்ததில்லை என்று கத்திவிட்டு வேலைக்குப் போனேன். வழக்கம்போல "ம்".

மத்தியானம் மன்றத்தைத் திறந்தேன். தரைவாசி எழுதியிருந்தாள்: "டூத் பிரஷ்ஷால் குழாயைத் திருப்புகிற வீட்டில் இருந்துகொண்டு நிலாவில் வண்டி ஓட்டுவதைப் பற்றிப் பேசுகிறார்கள்."

எனக்குப் பகீரென்றது. எங்கள் வீட்டு டூத் பிரஷ் விவகாரம் இவளுக்கு எப்படித் தெரியும்? குழாயைப் பார்த்தவர்கள் நானும் அவரும் நாத்தனாரும்தான். அப்படியென்றால் அவர் இவளிடம் சொல்லியிருக்கிறார். காலையில் நான் சொன்னதை மத்தியானத்துக்குள் இவளிடம் ஒப்பித்திருக்கிறார். என்னிடம் பேச மாட்டாராம், அவளிடம் போய் என்னைப் பற்றிப் பேசுவாராம். நான் கைதட்டிக் கைதட்டி ஜெயிக்கவைத்தவள் என் வீட்டுக்குள்ளேயே கைவைத்துவிட்டாள் என்று நினைத்ததும் கண்ணெல்லாம் இருட்டிக்கொண்டு வந்தது. அடுத்து வந்த புகாரை வாங்கிக்கொண்டு, "எல்லா ஆம்பளைங்களும் இப்படித்தாம்மா" என்று சொல்லிவிட்டேன். அந்தம்மா சாக்கடை அடைப்புக்குப் போன் பண்ணியிருந்தார்.

நாத்தனாரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் மருந்துக் கடையே அதிரச் சிரித்தாள். "அண்ணி, எங்கண்ணன் வாயத் தொறந்து ஒருத்தியப் பேசி மயக்கிட்டான்னா, அந்த அதிசயத்தப் பாக்க நானே டிக்கெட் வாங்குவேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கைப்பையில் இருந்த தாளை எடுத்து 'சம்மதம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். கொடுப்பதற்கு முன்னால் அந்த மனிதரை ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

வீட்டில் அவர் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நான் போனில் சொன்னதை நாத்தனார் அவர் காதில் போட்டிருக்க வேண்டும். குழாய்க்குப் புதுக் கைப்பிடி போட்டிருந்தது. எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டிராத ஒரு சத்தம் எழுப்பினார். தொண்டையைச் செருமினார்.

"தரைவாசி ஜெயிச்சுட்டா" என்றார்.

"தெரியும். நான்தான் ஜெயிக்க வெச்சேன். யாரு அவ?"

அவர் என்னைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"நீதான்."

அதற்குப் பிறகு அவர் சொன்னதைக் கேட்க எனக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் தேவைப்பட்டது. மன்றத்தில் இவர் எழுதுவதை முதலில் ஒரு ஜீவன் சீண்டவில்லையாம். எதிர்த்துப் பேச ஆள் இருந்தால்தானே வாதம் சூடுபிடிக்கும். அதனால் இவரே இன்னொரு பெயரில் ஓர் எதிராளியை உண்டாக்கினாராம். அந்த எதிராளி மடத்தனமாக ஏதாவது சொல்ல வேண்டும், சுற்றுப்பாதை வந்து பிளந்துகட்ட வேண்டும், மன்றம் மெச்ச வேண்டும். அதுதான் திட்டம். ஆனால் உட்கார்ந்து யோசித்தால் மடத்தனமாக ஒன்றும் தோன்றவில்லையாம். அந்த நேரத்தில் நான் சாப்பாட்டு மேஜையில் தண்ணீரைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தேனாம். அதை அப்படியே போட்டாராம்.

மடத்தனமான பேச்சு வேண்டும் என்றதும் என் பேச்சு ஞாபகம் வந்ததா என்று கேட்டேன். அந்த இடத்தில் மட்டும் அவர் புத்திசாலித்தனமாக வாயைத் திறக்கவில்லை.

போட்ட பிறகுதான் வினை. அதை மறுக்க அவருக்கு வாதம் கிடைக்கவில்லை. அடுத்ததையாவது கொஞ்சம் மாற்றி, கொஞ்சம் அசட்டுத்தனமாக்கிப் போட்டிருக்கலாமே என்று கேட்டேன். அப்படிக் கேட்டதற்கு அவர் நிஜமாகவே அதிர்ந்துபோனார்.

"அதெப்படி மாத்தறது? நீ சொன்னது. சொன்னது சொன்னபடி இருக்கணும்."

ஊரில் வேறு எவனாவது இந்தத் தப்பைச் செய்வானா? தான் ஜெயிப்பதற்கென்றே ஓர் எதிராளியைப் படைத்து, அவள் பேச்சில் ஒரு சொல்லைக்கூட மாற்ற மனசு வராமல், அவளிடமே தோற்று, அவளைத் தேர்தலிலும் ஜெயிக்கவைத்திருக்கிறார். எனக்கு அவரை அடிக்கலாமா அணைக்கலாமா என்று தெரியவில்லை. அப்போதுதான் ஒன்று மண்டையில் உறைத்தது. அப்படியென்றால் நான் பேசியதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்கிறது.

"எல்லாமே கேட்டுச்சா?"

"எல்லாமே."

"நான் வேற ஊருக்குப் போறதப் பத்திச் சொன்னது?"

"அதுவும்."

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

அவர் புதுக் கைப்பிடி வந்த அட்டைப்பெட்டியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். நான் கையெழுத்துப் போட்ட தாளை மேஜைமேல் வைத்து, அவர் பக்கம் தள்ளினேன். அவர் அதைப் படித்துவிட்டுத் திருப்பி என் பக்கம் தள்ளினார். மெல்லிய குரலில், கூட்டத்துக்குத் தரைவாசியாக நான்தான் வர வேண்டும் என்றார். வராவிட்டால் மன்றத்துக்கே அவமானமாம். அதோடு அந்தக் கூட்டத்துக்குச் சுருக்கெழுத்தராக ஆபீஸில் அவரையே போட்டிருக்கிறார்களாம். தாளைக் கொடுக்க வேண்டிய கெடுவுக்கு முந்தைய நாள்தான் கூட்டம். சரி, வந்து தொலைக்கிறேன் என்றேன். மேடையில் ஏறி அவரை உண்டு இல்லை என்று பண்ண வேண்டும் என்றுதான் ஒப்புக்கொண்டேன்.

கூட்ட அரங்கத்தின் வாசலிலேயே ஒரு மனிதர் என்னை மறித்தார். ஒல்லியாக, பூனைக்குட்டி மாதிரிக் குரல். பல் டாக்டராம். நான்தான் தரைவாசியா என்று கேட்டுவிட்டு, கூச்சத்தோடு, ஆதாரம் ஏதாவது இருக்கிறதா என்றார். உள்ளே வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றேன். அவர் முன்வரிசையில் நாத்தனாருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

மேடையில் அறிவியல் துறை அதிகாரி அம்மா நடுவில் இருந்தார். பக்கத்தில் தலை நரைத்த விஞ்ஞானி ஒருவர். கீழே சின்ன மேஜையில் என் வீட்டுக்காரர், முகத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்தவர் மாதிரி. நான் மைக்கைப் பிடித்ததும் பென்சில் ஓட ஆரம்பித்தது.

ஆரம்பம் அமர்க்களம். தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டேன், கைதட்டினார்கள். டூத் பிரஷ்ஷைச் சொன்னேன், அதிகாரி அம்மாவே சிரித்துவிட்டார். அப்புறம் அந்த விஞ்ஞானி மைக்கை இழுத்து, கோபமே இல்லாமல் ஒன்று சொன்னார். நிலாவில் தண்ணீர் தேடுவதற்காகச் செய்கிற கருவியை விமானத்தில் கட்டிப் பறக்கவிட்டால், பூமிக்கடியில் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கலாமாம். ஒன்றைச் செய்யும்போது இன்னொன்றும் கிடைக்கிறதே, இதற்கு நான் என்ன சொல்கிறேன் என்று கேட்டார்.

நான் என்ன சொல்வேன்? எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அப்போதுதான் தெரிந்தது, இத்தனை வருஷமாக நான் சொன்ன எதற்கும் யாரும் பதில் சொன்னதே இல்லை. அதனால் இரண்டாவது வாதம் என்ற ஒன்று எனக்கு வேண்டியிருக்கவே இல்லை. எல்லாம் முதல் வாதம்தான். அரங்கமே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. கீழே பென்சில் நுனி தாளில் காத்துக்கொண்டிருந்தது.

அதிகாரி அம்மாவுக்கு என்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். சரி, முடிவாக உங்களுக்கு என்னதான் வேண்டும், அதைச் சொல்லுங்கள் என்றார். என்னை அப்படி யாரும் கேட்டதில்லை. கேட்டதும் தண்ணீரும் நிலாவும் எங்கேயோ போய்விட்டன.

"பதில் வேணும்" என்றேன். "நிலாவுக்கு ஒரு மெஷின் அனுப்பறீங்க. ஒரு நாளைக்கு அதுகிட்டேருந்து சத்தம் வரலேன்னா இத்தன பேரும் துடிச்சுப் போயிடறீங்க. நான் வேற ஊருக்கு வேலைக்குப் போகட்டுமான்னு வீட்ல கேட்டேன். போன்னும் சொல்லல, போகாதேன்னும் சொல்லல. நான் போனா அந்த வீட்ல யாருக்காவது தெரியுமான்னே எனக்குத் தெரியல."

கடைசியில் குரல் உடைந்துவிட்டது. சொல்லக் கூடாத இடத்தில் சொல்லிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். கீழே பார்த்தேன். பென்சில் நின்றுபோயிருந்தது. எழுதுகிறவருடைய கை மேலே தூக்கியிருந்தது.

பின்வரிசையில் அவர் ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர் எழுந்தே நின்றுவிட்டார்கள். மறுபடி கேட்காதவர் கை தூக்கியிருக்கிறார்.

"மன்னிக்கணும்" என்றார். "கடைசியில சொன்னத மறுபடி சொல்லுங்க."

அவருக்குக் கேட்காமல் இல்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். புகார் எழுதச் சொல்கிறவள் மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். "நான் போனா அந்த வீட்ல யாருக்காவது தெரியுமான்னு எனக்குத் தெரியல."

"தெரியும்" என்றார். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். "போகாதேன்னு சொல்லத்தான் ஆசை. போன்னு சொல்றதுதான் நியாயம். எதச் சொல்றதுன்னு தெரியாமத்தான் இத்தன நாள் சும்மா இருந்துட்டேன்."

அதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சுருக்கெழுத்தர் கருத்துச் சொல்லக் கூடாதே என்றார்.

"தெரியும்ங்க" என்றார் அவர். "அதையும் எழுதிக்கிறேன்." உட்கார்ந்து எழுதினார். ரொம்ப நேரம் எழுதினார். முன்வரிசையில் என் நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். ஆதாரம் எங்கே தன் கைக்குட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார்.

நிலா வண்டி என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? பரிசீலனையில் இருக்கிறது. கூட்டத்தின் அச்சிட்ட பதிவு வந்தது. என் பேச்சுக்கு நடுவே 'சுருக்கெழுத்தர் குறுக்கிட்டார்' என்று போட்டு, அவர் சொன்னதெல்லாம் ஒரு சொல் மாறாமல் இருக்கிறது. மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். இவர் கொடுத்த விளக்கமும் சொன்னது சொன்னபடிதான்.

நான் போனேன். நியாயம் என்றால் நியாயம்தானே. அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, விடுதியில் இறக்கிவிட்டு, குளியலறைக் குழாயைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். அவருடைய ஆசையும் சும்மா விடவில்லை. தினமும் சாயங்காலம் நான் ஆபீஸ் விட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் போன் அடிக்கும். இத்தனை வருஷமாக நான் பேசியதற்கெல்லாம் பதில் பாக்கி இருக்கிறதாம். கல்யாணமான புதிதில் திரைச்சீலை நிறத்தைப் பற்றி நான் சொன்னதிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். "உன் கூற்றில் மூன்று பிழைகள். முதலாவதாக" என்கிறார். இடையில் நான் ஒரு வார்த்தை நுழைக்க வழியில்லை.

நேற்று நிலாத் தண்ணீருக்கு வந்து சேர்ந்தார். அதற்கு அவருக்கு இப்போதுதான் வாதம் கிடைத்திருக்கிறது. அன்றைக்கு மேற்பார்வையாளருக்கு என்று வந்த வசவையெல்லாம் வாங்கிவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தேன். இரண்டாவதாகவும் முடிந்து மூன்றாவதாக ஆரம்பித்தார். எனக்கு வாயைத் திறக்கத் தெம்பில்லை.

"ம்" என்றேன்.

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. "என்ன ம்? நான் சொல்றது காதுல விழுதா இல்லையா?"

"விழுது, சொல்லுங்க" என்றேன். எல்லாமே விழுந்துகொண்டுதான் இருந்தது.